குடிக்காதவளின் பாட்டில்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். சௌக்கியத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். உனக்குக் கை நடுக்கம் நின்றதா? சோறு இறங்குகிறதா? அந்த மறுவாழ்வு இல்லத்தில் போன் கிடையாது, கடிதம்தான், அதையும் காப்பாளர் படித்த பிறகுதான் கொடுப்பார் என்றார்கள். படிக்கட்டும். மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

நல்ல செய்தி. மாற்று ஈரலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். இருபது வருஷத்துச் சர்க்கரை என் ஈரலைத் தின்றதற்கு இப்போதாவது ஒரு வழி பிறந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் ஒருவர் கூடவே இருக்க வேண்டுமாம். "என் தம்பி ஜூலையில வந்துடுவான்"னு சொல்லியிருக்கிறேன். நீ ஆறு மாதத்தை ஒழுங்காக முடித்துவிட்டு வா.

பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே சட்டம். மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் சாராயச் சோதனை. காலையில் முதலில் போவதைத்தான் பிடிக்க வேண்டும். எனக்கோ சலவைக்கூடத்தில் ஆறு மணிக்கு வேலை. சாம்பிள் வாங்கும் இடம் திறப்பது பத்துக்கு, எனக்கு இடைவேளை பன்னிரண்டரைக்கு. அதனால் ஐந்து மணிக்கே பிடித்து, யார் கண்ணிலும் படாமல் கெட்டித் துண்டில் சுற்றிப் பையில் போட்டு, இஸ்திரி அறைக் கொக்கியில் மாட்டிவிடுகிறேன். மதியம் ஓடிப்போய்க் கொடுக்கிறேன். அங்கிருந்து சாயங்கால வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்.

போன வாரம் ரிசல்டில் ஏதோ குழப்பம். யாருடைய பாட்டிலோடோ மாறியிருக்கும். சரியாகிவிடும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் நலம், இதை உனக்கு முன்னால் படிக்கும் காப்பாளர் ஐயாவும் நலம். அவருக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும், என் கையெழுத்தைத் திட்டுகிறார்.

கை நடுக்கம் குறைந்துவிட்டது. என்னைச் சமையலறையில் போட்டிருக்கிறார்கள். லிஃப்ட் ரிப்பேர் செய்த கை இப்போது வெங்காயம் உரிக்கிறது. அங்கே கிரீஸ், இங்கே கண்ணீர்.

பட்டியல் விஷயம் படித்து இங்கே எல்லோரிடமும் சொன்னேன். ஜூலை பத்தாம் தேதி என் கணக்கு முடிகிறது. பதினொன்றாம் தேதி உன் வாசலில் நிற்பேன்.

அது என்ன குழப்பம்? விவரமாக எழுது. கால் வீக்கம் எப்படி? இன்சுலின் ஊசியை மறக்காதே.

உன் தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கால் கொஞ்சம் வீங்குகிறது, நின்று வேலை செய்வதால்தான். சலவைக்கூடச் சூப்பர்வைசர் அம்மா பார்த்துவிட்டு மடிப்பு மேசைக்கு மாற்றிவிட்டார். அந்த அம்மாவுக்கு வாய்தான் நெருப்பு. "வீங்கின காலோட இங்க நின்னு விழுந்து வைக்காத, எனக்கு யார் பதில் சொல்றது"ன்னு திட்டிக்கொண்டே நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

பதில் தாமதமானதற்கு வருத்தப்படாதே. எழுத உட்கார்ந்தால் வரவில்லை. பாட்டில் மாறவில்லையாம். இரண்டாம் முறையும் என் சிறுநீரில் சாராயம் இருக்கிறது என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈரல் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் கோஆர்டினேட்டர் அம்மா கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உண்மைய சொல்லுங்க. எப்பவாவது கொஞ்சம்?"

"வாழ்க்கையில தொட்டதில்லைங்க."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க."

"ரத்தத்துல பாருங்களேன்."

"ரத்தத்துல சீக்கிரம் கரைஞ்சு போயிடும்மா. அதை வச்சு நீங்க குடிக்கலன்னு சொல்ல முடியாது."

இருமல் மருந்தா, வாய் கொப்பளிக்கும் தண்ணீரா என்று நானே எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். நான் அந்தப் பாலைக்கூடக் குடிக்கவில்லையே!

நீயாவது என்னை நம்புவாய். எனக்கு அது போதும்.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

சமையலறை மேல்தட்டில், பழைய வாளிக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டப்பா இருக்கும். போன வருஷம் ஜன்னலுக்கு அடித்தது. அதை நீ எடுத்தாயா? திறந்தாயா? உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது. பெயிண்ட் கெட்டுப்போயிருக்கும், அதனால்தான் கேட்கிறேன்.

மருந்து தவறாமல் சாப்பிடு.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். பெயிண்ட் கெடவில்லை. இரண்டு பாட்டிலும் சீல் உடையாமல் இருந்தன. போதுமா?

காப்பாளர் ஐயா, இதைப் படித்துக்கொண்டிருந்தால் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். இவன் அங்கே வருவதற்கு முன் ஒளித்துவைத்தது. இப்போது இல்லை.

அப்போதே இரண்டையும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன். வீடு முழுக்க வாடை. அடுத்த நாள் காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைப் பார்க்க வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே மூக்கைச் சுருக்கினாள். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம். அந்த மாதிரி ஆனது என் நிலைமை.

"யாருதுங்க இந்த வாடை?" என்றாள். உன் பெயரைச் சொன்னால் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் பார் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். அவள் எழுதிக்கொண்டு போனாள்.

அதெல்லாம் பரவாயில்லை. நீ டப்பாவைப் பற்றிக் கேட்டாயே, அதுதான் ஆறவில்லை. அக்கா குடித்திருப்பாள் என்று நினைத்துவிட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். கால் வீக்கம் வற்றியதா?

மூன்று வாரம் எழுதவில்லை. எழுத முடியாத நிலையில் இருந்தேன். அதை விடு.

ஆமாம், நினைத்தேன். உன் பிப்ரவரி, மார்ச் கடிதங்களை நினைத்துப் பார். பாட்டில் மாறிவிட்டது, வாழ்க்கையில் தொட்டதில்லை, இருமல் மருந்தாக இருக்கும், வாய் கொப்பளித்த தண்ணீராக இருக்கும், நீயாவது நம்பு. அத்தனையும் நான் பத்து வருஷமாக உன்னிடம் சொன்னவை. வரிசைகூட மாறவில்லை. படிக்கும்போது என் குரலே எனக்குக் கேட்டது. பாம்பின் கால் பாம்பறியும் என்று நினைத்தேன். நீ பாம்பு இல்லை என்பது எனக்கு மறந்துவிட்டது.

நர்ஸிடம் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். வேறு ஆள் பார் என்றால் என்கட்டும். இனியாவது சொல்.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? அடுத்த சோதனை என்ன ஆனது?

உன் தம்பி


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கண் மஞ்சளாகிவிட்டது என்று சூப்பர்வைசர் அம்மாதான் சொன்னார். வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறது. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

மூன்றாவது முறையும் அதே ரிசல்ட். இந்த முறை போன தடவையைவிட அதிகம். பட்டியலில் என் பெயரை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். "நான் மது அருந்தினேன், அதற்கு வருந்துகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மாதம் குடி நிறுத்தும் வகுப்புக்குப் போய் வந்தால் மறுபடி பெயரைச் சேர்ப்பது பற்றி யோசிப்பார்களாம். மே பத்தாம் தேதி கடைசி. டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "ஆறு மாசம் இந்த ஈரல் தாங்குமா சார்?" அவர் கோப்பைப் புரட்டினார்.

கையெழுத்துப் போட்டால் ஆறு மாதம். போடாவிட்டால் எப்போதும் இல்லை. செய்யாத தப்பை ஒப்புக்கொண்டால் உயிர் மிஞ்சலாம் என்றால், ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. நம் அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

நான் எதில் தவறினேன் என்றுதான் புரியவில்லை. ஒருநாள்கூட நேரம் தவறியதில்லை. இப்போது இன்னும் பத்திரமாக, பையை நீராவிக் குழாய்க்குப் பின்னால் மாட்டுகிறேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

பயமாக இருக்கிறதடா.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

கையெழுத்துப் போடாதே. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைப் படி.

நீராவிக் குழாய்க்குப் பின்னால் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் என்று சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக இரண்டு நாள் கத்தவும் முடியாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். காப்பாளர் ஐயா, நீங்களும் படியுங்கள்.

மார்ச் கடைசியில் இங்கே நானே சாராயம் காய்ச்சப் பார்த்தேன். அடுப்பெல்லாம் இல்லை. தண்ணீர் பாட்டிலில் சர்க்கரை, பழத்தோல், ரொட்டி செய்ய வாங்கிய ஈஸ்டில் ஒரு சிட்டிகை. முதல் பாட்டிலைக் குளிர்ந்த ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். சர்க்கரைத் தண்ணீராகவே கிடந்தது. இரண்டாவதை வெந்நீர் பாய்லருக்குப் பின்னால், துணியில் சுற்றி வைத்தேன். அடுத்த நாளே நுரைத்து வாடை வந்துவிட்டது. சர்க்கரை, ஈஸ்ட், சூடு. இந்த மூன்றும் இருந்தால் போதும். பாட்டிலுக்கு ஆள் வேண்டாம், அதுவே செய்துகொள்ளும்.

அக்கா, உன் சிறுநீரில் சர்க்கரை போகிறது. நீ அதைக் காலை ஐந்து மணிக்குப் பிடித்து, துண்டில் சுற்றி, இஸ்திரி அறைச் சூட்டில் ஏழு மணி நேரம் வைக்கிறாய். பிறகு ராத்திரி முழுக்க வண்டியில் போகிறது. சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரில் ஈஸ்ட் மாதிரி ஒரு கிருமி வருமாம். இங்கே வாரம் ஒருமுறை வரும் டாக்டரைச் சும்மா கேட்பது போலக் கேட்டேன். உனக்கு அப்படி எரிச்சல், அரிப்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கூச்சப்படாமல் அங்கே சொல்லிவிடு. நீ குடிக்கவில்லை. உன் பாட்டில்தான் தானாகவே சாராயம் ஆகிறது.

ஆஸ்பத்திரிக்கே போ. அவர்கள் கண் முன்னால் சாம்பிள் கொடு. உடனே சோதிக்கச் சொல். மீதியை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் குளிரிலும் ஒன்றைச் சூட்டிலும் ஒரு நாள் வைக்கச் சொல்.

இந்தக் கடிதத்தைக் காப்பாளர் தடுக்காமல் தபாலில் போடுவார் என்று நம்புகிறேன். போடாவிட்டால், அக்கா, என்ன செய்வேன்?

தம்பி


மே 14

என் தம்பிக்கு,

கடிதம் வந்தது. ஓரத்தில் காப்பாளர் சிவப்பு மையில் "அவசரம், உடனே அனுப்பவும்" என்று எழுதியிருந்தார். அவருக்கு என் வணக்கம். நீ எப்படி இருக்கிறாய்? உன்னை என்ன செய்தார்கள்? அதை முதலில் எழுது.

படித்த அன்றே விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கோஆர்டினேட்டர் அம்மா படிவத்தைத்தான் எதிர்பார்த்தார். நான் உன் கடிதத்தை நீட்டினேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். எரிச்சலைப் பற்றியும் சொன்னேன். நாலு மாதமாக இருக்கிறது, ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசி மறைத்துவிட்டேன். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா" என்றார் டாக்டர். எப்படிச் சொல்வது? நீ கேட்டபோதே எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அவர்கள் முன்னாலேயே கொடுத்தேன். அப்போதே பார்த்ததில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இரண்டாகப் பிரித்தார்கள். குளிரில் வைத்தது மறுநாளும் அப்படியே இருந்தது. சூட்டில் வைத்ததில் சாராயம்! குடித்த உடம்பு சிறுநீரில் வேறொரு தடயத்தையும் விடுமாம். எடுத்துவைத்திருந்த என் பழைய சாம்பிள்களில் தேடினார்கள், அது எதிலுமே இல்லை.

"உங்களுக்கு இதைச் சொன்னது யாரு? லேப் ஆளா?"

"என் தம்பி."

"என்ன படிச்சிருக்கார்?"

"குடிச்சுக் குடிச்சே படிச்சது சார்" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது.

பெயரை மறுபடி சேர்த்துவிட்டார்கள், பழைய இடத்திலேயே. பார்த்துக்கொள்பவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். ஆறு மாதம் குடிக்காதவராக இருக்க வேண்டும் என்றார்கள். "காய்ச்சத்தான் பார்த்தான், குடிச்சேன்னு எழுதலையே" என்றேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஜூலைக்குக் காத்திருக்கிறேன்.

உன் அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். மஞ்சள் குறைந்ததா? வயிற்று நீர் எடுத்தார்களா?

எனக்குச் சமையலறை போய்விட்டது. தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறேன். தண்டனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காப்பாளர் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அக்காவுக்காக எழுதினீங்க, சந்தோஷம். குடிச்சீங்களா?" என்று கேட்டார். "இல்ல, கொட்டிட்டேன்" என்றேன். நம்பிவிட்டார். ஜூலை பத்து அப்படியே இருக்கிறது.

நீ என்னைக் கேட்கவே இல்லை. கேட்காமலே அங்கே போய் எனக்காகச் சொல்லிவிட்டாய்.

குடித்தேன் அக்கா. ஏப்ரல் ஆறாம் தேதி. நீ பாட்டில்களைக் கொட்டிய கடிதம் கையில் இருந்தது. அரை பாட்டில் குடித்துவிட்டுத்தான் மீதியைக் கொட்டினேன். இன்றைக்கு ஐம்பத்தெட்டாவது நாள்.

இதை எழுதாமலும் இருந்திருக்கலாம். ஜூலையில் வந்து உனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் உன் வயிற்றைத் தைத்திருக்கும்போது, வீட்டில் நீயும் நானும் மட்டும் இருக்கும்போது, எனக்கு ஏப்ரல் ஆறு மாதிரி இன்னொரு நாள் வந்துவிட்டால்? அதை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

காப்பாளர் ஐயா, ஆறு மாதத்தை அன்றிலிருந்து எண்ணுங்கள். அக்டோபர் ஆறு.

மன்னிப்பு கேட்கவில்லை. அதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று உனக்கே தெரியும்.

தம்பி


ஜூன் 17

என் தம்பிக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று இப்போது எழுதினால் இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் அது உண்மை. இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை பதினொரு மணிக்கு மடிப்பு மேசையில் போன் வந்தது. ஈரல் கிடைத்துவிட்டது, உடனே வா என்றார்கள். பாதி மடித்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இரண்டு நாள் உன் மேல் அப்படி ஒரு கோபம். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். உன் பெயரை அடிக்க வேண்டும் என்றார்கள். பேனாவை வாங்கி நானே அடித்தேன். வேறு யாரையும் அடிக்க விடவில்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாவிட்டால் பட்டியலில் என் பெயரை மறுபடி நிறுத்திவைப்போம் என்றார்கள். அன்று சாயங்காலம் சலவைக்கூடத்தில் எனக்கு ஒரு மடிப்புக்கூட நேராக வரவில்லை. சூப்பர்வைசர் அம்மா காரணம் கேட்டார், சொன்னேன். "ஏன்டி, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கத்தினார். இப்போது அந்த இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. வெளியே நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், இங்கே வரை கேட்கிறது.

இங்கே வந்ததும் சாம்பிள் கேட்டார்கள். கொடுத்தேன், அந்த நிமிஷமே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் ரிசல்ட் வரும்வரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. குடிக்காதவளுக்கே இந்தப் பயம் என்றால், நீ இத்தனை வருஷம் எப்படி இருந்திருப்பாய் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

எழுபத்திரண்டு நாள் ஆகிவிட்டது, சரியா? நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். நாளைக்கு எழுபத்துமூன்று. நாளைக்கு என்னால் எண்ண முடியாது, நீ விடாமல் எண்ணு.

தள்ளுவண்டி வந்துவிட்டது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும். அதற்குள் எனக்கு எப்படியும் ஒரு முடிவு தெரிந்திருக்கும். உனக்குத் தெரிந்திருக்காது. அதற்காகக் காத்திருக்காதே. படித்ததும் பதில் எழுது. உறையில் என் பெயரையே போடு.

அக்கா